செல்போனில் பஸ் ஓட்டிவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிற பிள்ளைகள்

மதுரையில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இருபது வருஷம் தாண்டிவிட்டது. ஆரம்ப காலத்தில் வந்தவர்கள் முதல் நாள் சாவியைத் திருகவே யோசிப்பார்கள். இப்போது பதினெட்டு முடிந்த கையோடு வருகிற பையன்களிடம் அந்தப் பயமே இல்லை. சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில். "போலாமா சார்?" என்று என்னைக் கேட்கிறார்கள். எங்கே பழகினாய் என்றால் பாதிப் பேரின் பதில், "பஸ் கேம் சார்."

போன மாதம் திருமங்கலம் பக்கமிருந்து ஒருவர் மகனைக் கூட்டி வந்தார். "இவனுக்கு ஸ்டியரிங்லாம் நீங்க சொல்லித் தரவே வேணாம் சார். செல்லுலயே கவர்மெண்ட் பஸ் ஓட்டுறான். டெஸ்ட்டுக்கு மட்டும் ரெடி பண்ணி விடுங்க" என்றார். எல்எல்ஆர் வாங்கியிருந்தான்.

காலை ஆறு மணி, அழகர்கோவில் ரோடு. கிளட்சை மிதித்தான், முதல் கியர் போட்டான், எல்லாம் சுத்தம். காலை எடுத்தான். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. மறுபடி போட்டான், மறுபடி ஆஃப். மூன்றாவது தடவையும் அதேதான். நான்காவது தடவை, "முழுசா விடாத. பாதியில நிறுத்து. இப்ப கால்ல ஏதாவது தெரியுதா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "லேசா நடுங்குது சார்." அதுதான் ஹாஃப் கிளட்ச், பாதிக் கிளட்ச். இஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும், வண்டியின் மூக்கு ஒரு விரல்கடை எழும்பும், உள்ளங்காலில் ஒரு துடிப்பு வரும். அந்த இடத்தை வாயால் சொல்லிக் கொடுக்க எனக்கு இன்றுவரை வரவில்லை. அவரவர் கால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓட ஆரம்பித்ததும் நன்றாகவே ஓட்டினான். அப்பா சொன்னது பொய்யில்லை, கையில் பதற்றம் இல்லை. கொஞ்ச தூரத்தில் இடது ஓரமாக ஒரு இளநீர் வண்டி நின்றது. நம் கார் அதைப் பார்த்தே போகிறது. பையன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் காலடியில் இருக்கும் பிரேக்கை நான் மிதித்தேன். (பயிற்சி வண்டியில் எங்கள் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். எனக்கு முட்டிவலி வந்ததற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.)

"லெஃப்ட்ல எவ்வளவு இடம் இருந்துச்சு?"

"தெரியல சார்."

"கேம்ல எப்படிப்பா தெரியும்?"

"அதுல பஸ்ஸுக்குப் பின்னால, மேல இருந்து பாப்போம் சார். முழு பஸ்ஸும் தெரியும்."

சரிதான். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறான், ஆனால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. பருந்து பார்க்கிற இடத்திலிருந்து ஓட்டியிருக்கிறான். அவனுக்கு வண்டியின் இடது சக்கரம் எங்கே ஓடுகிறது என்று மனசுக்குள் கணக்குப் போட வேண்டிய தேவையே வந்ததில்லை.

அன்றிலிருந்து இந்த சிமுலேஷன் கேம்களைக் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தேன். நிஜத்தை அப்படியே திரைக்குள் கொண்டுவருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் எதையோ எடுத்துக்கொண்டு எதையோ விட்டுவிடுகிறது. அப்படி விட்டதெல்லாம் எங்கள் வேலையாக வந்து சேர்கிறது.

இதெல்லாம் கம்ப்யூட்டருக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பத்துக்கு ஆர்கன், பியானோ செய்கிற தொழிற்சாலை. 1929 வாக்கில் அவர் ஒரு குட்டி விமானப் பெட்டி செய்தார். நம் ஆர்மோனியப் பெட்டியில் துருத்தியால் காற்றடிக்கிறோமே, அதே வித்தைதான். ஆர்கனுக்கு உரிய துருத்திகளை அடியில் வைத்து, பெட்டியைச் சாய்த்தும் திருப்பியும் ஆட்டினார். முதலில் அதைப் பெரும்பாலும் வாங்கியவர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். சித்திரைப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு விமானப் பெட்டி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1934ல் அமெரிக்க ராணுவம் விமானத் தபால் வேலையை எடுத்துச் செய்தபோது, மோசமான வானிலையில் பல விமானிகள் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் 5 லட்சம் பேருக்கு மேல் அதில் பழகிவிட்டார்கள்.

அந்தப் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. எதிரே இருக்கும் மீட்டர்களைப் பார்த்து மட்டுமே ஓட்ட வேண்டும். மேகத்துக்குள் போகிற விமானிக்கு உடம்பு பொய் சொல்லும், சாய்வது நேராகத் தெரியும். அந்த ஒன்றைப் பழக்கத்தான் பெட்டி. லிங்க் வானத்தையே விட்டுவிட்டார், ஆனால் தெரிந்தே விட்டார். பழகுகிறவனுக்கும் அது தெரியும். நம் பையன்களுக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் இல்லை.

1982ல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்து விமானத்தை வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஏழு வருஷம் கழித்து, 1989ல் சிம்சிட்டி வந்தது. வில் ரைட் என்பவர் அதற்கு முன் ஹெலிகாப்டரில் போய் குண்டு போடுகிற கேம் ஒன்று செய்துகொண்டிருந்தார். குண்டு போடுவதைவிட, குண்டு போடுவதற்காகத் தீவையும் ரோட்டையும் வரைவதுதான் ஜாலியாக இருக்கிறது என்று கண்டுகொண்டார். அதுவே ஊர் கட்டுகிற கேமாக ஆனது. 2013ல் வந்த சிம்சிட்டியை வடிவமைத்தவர் சொன்ன விஷயம்தான் எனக்குப் பிடித்தது. நிஜ ஊரில் இருக்கிற அளவுக்கு பார்க்கிங் இடத்தைக் காட்டினால் கேம் முழுக்க பார்க்கிங்காகவே தெரியும் என்பதால், அதையெல்லாம் பூமிக்கு அடியில் இருப்பதாக வைத்துக்கொண்டார்களாம்.

மாசி வீதியில் ஒரே ஒரு தடவை கார் ஓட்டியவருக்குக்கூட இதைக் கேட்டால் சிரிப்பு வரும். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதி என்று போட்டிருக்கிற ஊர் இது. ஊர்க்காரர்களுக்கு அங்கே ஓட்டுவது ஒரு பிரச்சினையே இல்லை, நிறுத்துவதுதான் பிரச்சினை. ஒருவர் ஜவுளிக்கடை வாசலில் 'அஞ்சே நிமிஷம்' என்று நிறுத்திவிட்டுப் போவார், பின்னால் விளக்குத்தூண் வரைக்கும் நிற்கும். என்னிடம் வருகிறவர்களுக்கு ரிவர்ஸ் எடுக்க ஐந்து நாள் தனியாக வைத்திருக்கிறேன். கேம் ஆடியவர், ஆடாதவர் என்ற வித்தியாசமே அந்த ஐந்து நாளில் தெரியாது.

அதே 1989ல் ஹார்ட் டிரைவின் என்று ஒரு ஆர்கேட் மெஷின் வந்திருக்கிறது. காசு போட்டு ஆடுவது. அதில் சாவி, கிளட்ச், கியர் எல்லாம் இருந்தது. ஸ்டியரிங் கையை எதிர்த்துத் தள்ளும். அது இப்போது கிடைத்தால் எங்கள் ஸ்கூல் வாசலிலேயே ஒன்று வாங்கி வைத்துவிடுவேன். ஆனால் மோதினால் என்ன நடக்கும் தெரியுமா? மோதியதை வேறு கோணத்தில் திரும்பப் போட்டுக் காட்டிவிட்டு, வண்டியை மறுபடி ரோட்டில் கொண்டுவந்து வைத்துவிடும். இன்றைய கேம் வரைக்கும் இந்தப் பழக்கம் மாறவில்லை. விபத்து என்பது இரண்டு விநாடி வேடிக்கை, அப்புறம் ரீஸ்டார்ட்.

பையன்களில் விவரமானவன் ஒருவன் உடனே கிரான் டுரிஸ்மோவைக் கொண்டுவருவான். 1997ல் வந்த கார் ரேஸ் கேம். 2008ல் அதை ஆடுகிறவர்களில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி நிஜ ரேஸ் டிரைவர் ஆக்கினார்கள். ஸ்பெயின் நாட்டு லூக்காஸ் ஓர்டோனெஸ் அப்படி ஜெயித்து, நிஜப் பந்தயங்களில் ஓட்டினார். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் செலக்ட் ஆனவர்களை நேரே பந்தயத்தில் இறக்கிவிடவில்லை, நிஜ வண்டியில் உட்காரவைத்துப் பழக்கித்தான் அனுப்பினார்கள். அப்புறம், ரேஸ் டிராக்கில் எதிரே ஆடு வராது.

என் ஓட்டு 2012ல் செக் நாட்டுக் கம்பெனி வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2க்கு. சிக்னலில் நிற்காவிட்டால் ஃபைன். தூங்காமல் ஓட்டினால் டிரைவர் கொட்டாவி விடுவார். அதை உள்ளிருந்து பார்த்து, ஸ்டியரிங் வீல் வைத்து ஆடியவர்கள் வந்தால் எனக்கு வேலை குறைகிறது. கண்ணாடி பார்க்கிற பழக்கம் இருக்கிறது. ஆனாலும் அதிலும் ஒரு சுருக்கல் உண்டு. நிஜத்தில் 19 கிலோமீட்டர் என்பது அதில் ஒரு கிலோமீட்டர். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் ஒன்றரை கிலோமீட்டரில் வந்துவிடும். ஓட்டுகிறவனுக்கு அலுப்பு வருவதற்குள் ஊர் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல். எதிரே ஒருவர் குறுக்கே வந்து, அதை நாம் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு விநாடி ஆகிவிடும். பிரேக் பிடிக்கும் முன்பே ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்தைத் தாண்டிப் போயிருப்போம். செல்போனில் கட்டைவிரல் ஏற்கெனவே பிரேக் பட்டன் மேலேயே இருக்கிறது. பிரேக் போடும்போது வயிற்றில் ஒரு இழுப்பு வருமே, அது அதில் வராது. வேகத்தை நமக்குச் சொல்வது கண் மட்டுமில்லை. முதுகும் வயிறும் காதும் சேர்ந்துதான் சொல்கின்றன. நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் ஏறினால் ஏழு கிலோமீட்டருக்குக் குறுக்கே யாரும் வருவதில்லை. அங்கே வேகம் காட்டுகிற பையன்கள் கீழே இறங்கிய முதல் சந்திப்பில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர்களிடம் ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். "கேம்லயே நல்லா ஓட்டுவான்" என்று சொல்லிப் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கிறீர்கள். கடைக்குத்தானே, பக்கத்துத் தெருவுக்குத்தானே என்கிறீர்கள். 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மைனர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பதினாறு வயதில் ஓட்டலாமே என்பார்கள். அது கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு மட்டும், அதுவும் லைசென்ஸோடு. இப்போது வாசலில் நிற்கிற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல்.

கேமைப் பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை. சென்ற வருஷம் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா வந்தார். முதல் வாரம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் திருப்பியபடியே நிற்பார், திரும்ப நேராக்க வராது. தங்கை மகன் வீட்டில் ஸ்டியரிங் வீல் வைத்து கேம் ஆடுகிறான் என்றார். தினமும் அரை மணி நேரம் அதில் உட்காருங்கள், வேகமே வேண்டாம், வளைவில் மட்டும் ஓட்டுங்கள் என்றேன். பத்து நாளில் கை பழகிவிட்டது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கு அரசு வைத்திருக்கும் விதியிலேயே சிமுலேட்டர் கட்டாயம். அதே விதியில் கார் பயிற்சிக்கு 29 மணி நேரம், அதில் 21 மணி நேரம் செய்முறை என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வீட்டில் ஆடுகிற பிள்ளையிடம் கேமராவை உள்ளே வைத்து ஆடச் சொல்லுங்கள். டிரைவர் கண்ணுக்குத் தெரிவது மட்டும் தெரியட்டும். ஆட்டோ கியரை எடுத்துவிட்டு மேனுவல் போடச் சொல்லுங்கள். ஒரே நாளில் அலுத்துவிட்டது என்பான், பரவாயில்லை.

அலுப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1995ல் டெசர்ட் பஸ் என்று ஒரு கேம் செய்திருக்கிறார்கள், அப்போது கடைக்கு வரவே இல்லை. பாலைவனத்தில் ஒரு காலி பஸ்ஸை எட்டு மணி நேரம் நிஜமாகவே எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். நிறுத்தி வைக்க முடியாது. பஸ் லேசாக வலது பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் கையையும் விட முடியாது. போய்ச் சேர்ந்தால் ஒரு மார்க். கிண்டலுக்காகச் செய்தது அது. எங்களிடம் ஒரு பெரியவர் வேலை பார்க்கிறார், அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இதை அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எட்டு மணி நேரம்னா நம்ம மெட்ராஸ் டிரிப்பு" என்றார்.

அந்தத் திருமங்கலத்துப் பையன்தான் ஒரு நாள் மத்தியானம் அவரிடம் தன் செல்லை நீட்டினான். 2017ல் இந்தோனேசியாவில் செய்த பஸ் கேம். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். பஸ்ஸுக்கு நாமே பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்பதால் நம் ஊர்ப் பையன்கள் டவுன் பஸ்ஸிலிருந்து ஆம்னி பஸ் வரைக்கும் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஹாரனும் பாடுகிறது. (ரோட்டில் அப்படிப் பாடுகிற ஹாரன் விதிப்படி கூடாது. அதையும் சொல்லி வைத்தேன்.)

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "கண்டக்டர் எங்கப்பா?"

"கண்டக்டர்லாம் இல்ல தாத்தா."

"அப்ப விசில் யாரு குடுப்பா? ஏறிட்டாங்களா, படியில நிக்கிறாங்களான்னு எப்படித் தெரியும்?"

பையன் சிரித்துக்கொண்டே உள் கேமராவுக்கு மாற்றிக் கொடுத்தான். பெரியவர் செல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினார், முப்பதைத் தாண்டவில்லை. ஸ்டாப் வந்ததும் நிறுத்தினார். கிளம்பும் முன் கழுத்தை முழுசாக இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே எங்கள் ஆபீஸ் சுவரும் அதில் மாட்டியிருக்கிற காலண்டரும்தான் இருந்தன. பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அடுத்த ஸ்டாப்பிலும் திரும்பினார்.

பையன் சிரிப்பை நிறுத்திவிட்டான். "எதுக்கு தாத்தா அங்க பாக்குறீங்க?" என்று கேட்டான்.

"படிய" என்றார்.