அங்கன்வாடியில் தரும் சத்துமாவும் சத்து மருந்தும்: உங்கள் பிள்ளைக்கு என்னென்ன உண்டு?

அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவு பாக்கெட் பிரிக்காமலே மூலையில் கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் அது மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. அதே வீட்டு அலமாரியில், நூற்றுக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய பானப் பொடி டப்பா இருக்கும். "சும்மா தர்றதுல என்ன சத்து இருக்கப்போகுது" என்ற நினைப்புதான் காரணம். பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. அது பிள்ளைக்குச் சட்டப்படி சேர வேண்டிய உணவு.

2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரச் சொல்கிறது. நாளொன்றுக்கு 500 கலோரி. எடை மிகக் குறைந்த குழந்தை என்றால் 800. கர்ப்பிணிக்கும், குழந்தை பிறந்து 6 மாதம் வரை பாலூட்டும் தாய்க்கும் 600. இதற்கு வருமான வரம்பு கிடையாது. ரேஷன் கார்டு எந்த வகை என்றும் பார்க்கக் கூடாது.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அப்புறம்தான் சத்துமாவு. தமிழ்நாட்டில் தரும் மாவில் கோதுமை, கேழ்வரகு, கடலைப் பருப்பு, வெல்லம் முதலியவற்றோடு வைட்டமின்களும் தாது உப்புகளும் சேர்ந்திருக்கின்றன. வெல்லம் இருப்பதால் தனியாகச் சர்க்கரை போட வேண்டாம். சின்னக் குழந்தைக்குக் கெட்டியான கூழாகக் கிண்டி, அரை ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டு ஊட்டுங்கள். தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் உருண்டை பிடித்துக் கொடுத்தால் விரும்பிச் சாப்பிடுவார்கள். பெரியவர்கள் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். 2 வயது தாண்டி மையத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அங்கேயே மதியச் சாப்பாடும், வாரத்தில் 3 நாள் முட்டையும் உண்டு.

சரி, மருந்துக்கு வருவோம். குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான்.

இரும்புச்சத்து சிரப் 6 மாதம் முதல் 5 வயது வரை. வாரத்துக்கு 2 நாள், ஒவ்வொரு தடவையும் 1 மில்லி. தினமும் கொடுப்பதல்ல. வெறும் வயிற்றில் கொடுக்காமல், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். பாலோடும் டீயோடும் சேர்த்துக் கொடுத்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பல தாய்மார்கள் நிறுத்திவிடுகிறார்கள். பயம் வேண்டாம், இரும்பு உள்ளே போனால் அப்படித்தான் போகும். ஆனால் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் சரியாகும்வரை நிறுத்துங்கள். எடை மிகக் குறைந்த குழந்தைக்கும், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இந்த சிரப்பை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது.

வைட்டமின் ஏ திரவத்தின் முதல் தவணை 9 மாதத்தில், தட்டம்மைத் தடுப்பூசியோடு. அடுத்தது ஒன்றரை வயது வாக்கில். பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை, 5 வயது வரை. மொத்தம் 9 தவணை. செவிலியர் கொடுத்ததும் தடுப்பூசி அட்டையில் பதியச் சொல்லுங்கள். குறித்து வைக்காவிட்டால் ஒரே தவணை இரண்டு முறை போய்விடலாம், அது கெடுதல்.

குடற்புழு மாத்திரை ஒரு வயதிலிருந்து. 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை. சின்னப் பிள்ளைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், தொண்டையில் சிக்கிவிடும்.

மாதம் ஒருமுறை மையத்தில் எடை பார்ப்பார்கள். "எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் கேட்காமல், "போன மாசத்தைவிடக் கூடியிருக்கா?" என்று கேளுங்கள். மேற்கையின் நடுப்பகுதியை நாடாவால் அளந்து 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால், அது கடுமையான மெலிவு. சத்துமாவை மட்டும் நம்பி வீட்டில் வைத்திருக்காமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

மாவோ முட்டையோ வரவில்லை என்றால் முதலில் அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள். அவர்களுக்கே சரக்கு வராமல் இருக்கலாம், அவர்களோடு சண்டை வேண்டாம். அடுத்து குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையா, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். சட்டப்படி தர வேண்டிய உணவைத் தராவிட்டால், அதற்கு ஈடாக "உணவுப் பாதுகாப்புப் படி" என்ற பணத்தைக் கேட்கவும் முன்பு சொன்ன 2013 சட்டத்தின் 8-வது பிரிவு இடம் தருகிறது. மனுவில் அந்தப் பிரிவு எண்ணை மறக்காமல் எழுதுங்கள்.