நின்றால்தான் முகம் தெரியும்

ஒரு செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, 'இல்லை இல்லை' என்று சொல்வதுபோலத் தலையை மட்டும் வேகமாக ஆட்டியபடி படித்துப் பாருங்கள். படித்துவிடலாம். இப்போது தலையை அசைக்காமல் தாளை அதே வேகத்தில் ஆட்டுங்கள், எழுத்தெல்லாம் கலங்கிப்போகும்.

முதல் தடவை நம்மைக் காப்பாற்றியது காது. உள்காதில் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது திரவம் கொஞ்சம் பின்தங்கும், அங்கிருக்கும் நுண்மயிர்கள் வளையும், உடனே கண் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். எல்லாம் சுமார் 10 மில்லி விநாடியில். நடக்கும்போது அடிக்கு அடி தலை குலுங்கினாலும் தெரு குலுங்காமல் இருப்பது இதனால்தான்.

இது போய்விட்டால் எப்படி இருக்கும் என்று 1952-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் ஜே.சி. என்ற முதலெழுத்துகளோடு ஒரு டாக்டரே எழுதினார். காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அவருடைய இரண்டு காதின் சமநிலை உறுப்புகளையும் கெடுத்துவிட்டது. படுக்கையில் புத்தகம் படிக்கத் தலையைக் கட்டில் கம்பிகளுக்கிடையே முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, அப்போதும் நாடித்துடிப்புக்கே எழுத்து துள்ளியதாம்! தெருவில் நடந்துகொண்டே எதிரே வருபவர் முகத்தை அடையாளம் காண முடியாது. நின்றால்தான் தெரியும்.

கீழே விழாமல் நடக்கக் கண், பாதம், காது மூன்றும் சேர்ந்து மூளைக்குத் தகவல் கொடுக்கின்றன. காது போனாலும் பகலில், சிமெண்டுத் தரையில் மற்ற இரண்டும் சமாளித்துவிடும். ராத்திரி கரண்ட் போன வீட்டில் மெத்தைமேல் நிற்கச் சொல்லுங்கள், அப்போதுதான் குட்டு வெளிப்படும், ஏனென்றால் இருட்டு கண்ணையும் மெத்தை பாதத்தையும் பறித்துவிட்டது. சோப்பு போட்டுக் கண்ணை மூடிய குளியலறையும் அப்படித்தான். நாமோ தலைசுற்றல் என்றாலே பித்தம் என்று எலுமிச்சம்பழத்தைத் தேடுகிறோம்.

ஒரு காது மட்டும் திடீரென்று செயலிழந்தால் கதை வேறு. நல்ல காது சும்மா இருக்கும்போதும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும், மறுபக்கம் மௌனம், அந்த வித்தியாசத்தை மூளை 'உடம்பு திரும்புகிறது' என்று எடுத்துக்கொள்ளும். ஆள் கெட்ட காதின் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பார். ஆனால் ஒரு விசித்திரம்: ஜெர்மனியின் நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்டின் குழு 1999-இல் எழுதியபடி, இப்படிப்பட்டவர்கள் மெதுவாக நடந்தால் கோணுகிறார்கள், ஓடினால் ஏறக்குறைய நேராகவே போகிறார்கள். ஓட்டத்தின் தாளத்தைத் தண்டுவடமே பெரும்பாலும் பார்த்துக்கொள்வதால், அந்த நேரத்தில் காது சொல்லும் தப்பான சேதியை மூளை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்பது அவர்களுடைய விளக்கம்.