டிசிடி டவுன் என்றால் ரூட்டரை மாற்றாதீர்கள்

ஏற்காட்டில் மே மாத மத்தியானம் இடி இறங்கினால், சேலத்தில் எங்கள் போன் அடிக்கும். பல வருடம் அப்படித்தான் இருந்தது. மலைமேல் ஒரு வங்கிக் கிளைக்கு 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைன் (அந்தக் கிளைக்கென்றே வாடகைக்கு எடுத்த தரவு இணைப்பு) போட்டு, ரூட்டரை நாங்கள் பராமரித்து வந்தோம். லைன் போனால் கிளையில் பணம் கட்டவும் முடியாது, எடுக்கவும் முடியாது. எஸ்டேட் கூலிப் பணம் எடுக்க வந்தவர்கள் கவுன்ட்டர் முன்னால் நிற்பார்கள். கிளை மேலாளர் போனில், "சார், கூட்டம் நிக்குது. ரூட்டரை மாத்திக் குடுத்துடுங்க" என்பார்.

ஒரு தடவை அவர் சொன்னபடியே செய்தோம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஸ்பேர் ரூட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினான். கோடை விழா சமயம். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. மேலே போய்ச் சேர்ந்து, ரூட்டரை மாற்றி, கன்ஃபிகரேஷனை ஏற்றி முடிக்கும்போது வங்கி மூடும் நேரம் ஆகிவிட்டது.

"அண்ணா, புது ரூட்டரும் அதேதான் காட்டுதுங்க."

"ஷோ இன்டர்ஃபேஸ் சீரியல் அடிச்சு, கடைசி வரியை மட்டும் படிப்பா."

"டிசிடி டவுன், டிஎஸ்ஆர் அப், டிடிஆர் அப், ஆர்டிஎஸ் அப், சிடிஎஸ் அப்."

கழற்றி வைத்த பழைய ரூட்டரிலும் இதே வரிதான் இருந்திருக்கும். யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வரி சொன்னது இது: ரூட்டர் நன்றாக இருக்கிறது, கேபிள் நன்றாக இருக்கிறது, ரூட்டரை வெளிக் கம்பியோடு இணைக்கும் மோடமுக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் தொலைவிலிருந்து வரவேண்டிய கேரியர், அதாவது தரவைச் சுமந்து வரும் சிக்னல், மோடமுக்கு வந்து சேரவில்லை. டிசிடி டவுன் என்பதற்கு அதுதான் அர்த்தம். கோளாறு கட்டடத்துக்கு வெளியே, செம்புக் கம்பியில். கிளையில் இருந்த ஒருவரிடம் மோடமில் எந்த விளக்கு எரிகிறது, எந்த விளக்கு அணைந்திருக்கிறது என்று போனிலேயே கேட்டிருந்தால் போதும். மலை ஏறியிருக்கவே வேண்டாம்.

இப்போது பெரும்பாலான கிளைகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது. ஆனாலும் இந்த ஐந்து சிக்னல்களும் எங்கேயும் போய்விடவில்லை. எடைமேடை, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, பழைய மோடம் என்று சீரியல் போர்ட் உள்ள இடமெல்லாம் இவை இருக்கின்றன. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஐபி முகவரியை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். டிடிஆர் என்றால் விழிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு சிக்னலையும் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை "அப்" என்று ஏற்றியது யார்?

ரூட்டர் வழக்கமாக டிடிஇ, அதாவது தரவை அனுப்பிப் பெறுகிற முனைக் கருவி. மோடம் டிசிஇ, தரவைக் கம்பியில் ஏற்றி இறக்குகிற கருவி. ஐந்தில் டிடிஆரும் ஆர்டிஎஸ்ஸும் ரூட்டர் ஏற்றுகிறவை. "நான் தயார்" என்பது டிடிஆர், "அனுப்பலாமா" என்பது ஆர்டிஎஸ். மீதி மூன்றையும் மோடம் ஏற்றுகிறது. டிஎஸ்ஆர் "நானும் தயார்", சிடிஎஸ் "அனுப்பு", டிசிடி "எதிர்முனையின் கேரியர் எனக்குக் கேட்கிறது". ஆக, ரூட்டர் திரையில் டிடிஆர் அப் என்று வந்தால் அது ரூட்டர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. மோடமுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அதில் சாட்சி கிடையாது. மற்ற மூன்றும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. அவை அப் என்றால் கேபிளின் அந்தக் கம்பிகளாவது உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம்.

டிடிஆரும் ஆர்டிஎஸ்ஸும் டவுன் என்றால் முதலில் நம் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். யாராவது ஷட்டவுன் கொடுத்து வைத்திருக்கலாம். அப்படியென்றால் முதல் வரியிலேயே "அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்" என்று நிற்கும். டிசிடி மட்டும் டவுன் என்றால் ஏற்காட்டுக் கதை. டிஎஸ்ஆர், சிடிஎஸ், டிசிடி மூன்றும் சேர்ந்து விழுந்தால் மோடமுக்கு மின்சாரம் இல்லை, அல்லது கேபிள் கழன்றிருக்கிறது.

இந்த மூன்றாவதைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் கிட்டத்தில் பார்த்தோம். லைன் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போய்ப் போய் வந்தது. போகும்போது நாங்கள் இருப்பதில்லை, நாங்கள் இருக்கும்போது போவதில்லை. சிஸ்கோ ரூட்டரில் அதே கடைசி வரிகளுக்குப் பக்கத்தில் "கேரியர் டிரான்ஸிஷன்ஸ்" என்று ஒரு எண் இருக்கும். டிசிடி எத்தனை தடவை நிலை மாறியது என்ற கணக்கு அது. காலையில் கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு வந்தோம். மத்தியானம் போய்ப் பார்த்தால் 4. சாயங்காலம் 6. இரண்டிரண்டாக ஏறுகிறது: ஒரு தடவை விழுந்து ஒரு தடவை எழுந்தால் இரண்டு. அன்று எத்தனை தடவை கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள் என்று வாட்ச்மேனிடம் கேட்டோம். மூன்று தடவை என்றார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. ரூட்டர் யுபிஎஸ்ஸில் இருந்தது. மோடமின் அடாப்டர் மட்டும் பக்கத்துச் சுவரில் சாதாரண பிளக்கில் செருகியிருந்தது. அதைக் கழற்றி யுபிஎஸ் பலகையில் செருகியதோடு வேலை முடிந்தது. அதற்கு முன்னால் இரண்டு வாரம், லைன் கொடுத்தவர்கள்மேல் புகார் மேல் புகாராகப் போயிருந்தது.

அந்த எண்ணைப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. லைன் விட்டு விட்டு வருகிறது என்று யார் சொன்னாலும், கவுன்ட்டரை அழித்துவிட்டு மூன்று வேளை குறித்து வையுங்கள். மழையோடு ஏறுகிறதா, ஜெனரேட்டரோடு ஏறுகிறதா, லிஃப்ட் ஓடும்போது ஏறுகிறதா என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது கேபிள். ரூட்டரையும் மோடமையும் இணைக்கும் வி.35 கேபிளின் மோடம் முனையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பெரிய கனெக்டர் இருக்கும். 34 பின்னுக்கு இடம், இரண்டு பக்கமும் திருகு. அவசரத்தில் ஒரு திருகை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததைத் தொடுவார்கள். அப்போது கனெக்டர் ஒரு பக்கம் ஏறிக்கொண்டு சாய்வாக உட்காரும். பார்வைக்குச் செருகியது போலவே இருக்கும். டிஎஸ்ஆர் அப் காட்டும், சிடிஎஸ் மட்டும் வந்து வந்து போகும். இரண்டு திருகையும் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக விரலாலேயே முறுக்கிக்கொண்டு போனால் நேராக உட்காரும். ரூட்டர் பக்கம் வேறு கவலை. அங்கே இருக்கும் சிறிய 26 பின் கனெக்டரில் பின்கள் மெல்லியவை, அழுத்திச் செருகினால் வளைந்துவிடும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் கேபிள் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். "ஷோ கன்ட்ரோலர்ஸ்" அடித்தால் எந்தக் கேபிள், டிடிஇயா டிசிஇயா என்று ரூட்டரே சொல்லும். கேபிளே இல்லை என்று அது சொன்னால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

இடிக்குப் பிறகு வரும் கோளாறு இன்னும் ஏமாற்றும். வி.35இல் தரவும், தரவுக்கு நேரம் காட்டும் கிளாக்கும் இரட்டைக் கம்பிகளில் ஜோடியாகப் போகின்றன. நாம் பார்த்த ஐந்து கட்டுப்பாட்டு சிக்னல்கள் மட்டும், சாதாரண சீரியல் போர்ட்டின் ஆர்எஸ்-232 முறை மாதிரி, ஒற்றைக் கம்பியில், பொதுவான தரைக் கம்பியை நம்பிப் போகின்றன. ரூட்டர் ஒரு எர்த்திலும் மோடம் இன்னொரு எர்த்திலும் இருந்து, இடிக்கும்போது இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் ஏறினால், அது இந்தக் கேபிள் வழியாகத்தான் ஓடும். உள்ளே சிக்னலை ஏற்றுகிற சிப் செத்துப்போகும். ஆனால் ரூட்டரின் மென்பொருளுக்கு அது தெரியாது. "டிடிஆர் அப்" என்றே எழுதிக்கொண்டிருக்கும்.

இதற்கு மல்டிமீட்டர் போதும். கேபிளின் மோடம் முனையைக் கழற்றுங்கள். கனெக்டரில் பின்களுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். 'பி' என்பது தரை. 'எச்' டிடிஆர், 'சி' ஆர்டிஎஸ். கறுப்பு முனையை 'பி'யிலும் சிவப்பு முனையை 'எச்'சிலும் வையுங்கள். கட்டுப்பாட்டு சிக்னல் ஏறியிருந்தால் பிளஸ் 3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். மைனஸ் 3க்குக் கீழே என்றால் இறங்கியிருக்கிறது. நடுவில் எங்கேயாவது நின்றால் அது எந்தக் கணக்கிலும் சேராது. திரையில் அப் என்றும் மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் இருந்தால், போர்ட் போய்விட்டது, அல்லது கேபிளில் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது. இன்னொரு கேபிளைப் போட்டு அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

ஆனால் இடி இடிக்கும்போது இதைச் செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசிக் கம்பி மலைச்சரிவில் கிலோமீட்டர் கணக்கில் ஓடி வருகிறது, அதன் முனை மோடமில் இருக்கிறது. வங்கியில் கூட்டம் நின்றால் நிற்கட்டும். மழை ஓய்ந்த பிறகு இரண்டு பக்கமும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள். அளக்கும்போது மட்டும் ரூட்டரைப் போட்டுக்கொள்ளலாம்.

ஐந்தும் அப், ஆனாலும் லைன் ப்ரோட்டோகால் (இரண்டு முனை ரூட்டர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை) டவுன் என்றால்? கட்டுப்பாட்டுக் கம்பிகள் வேறு, தரவுக் கம்பிகள் வேறு என்று மேலே சொன்னது இங்கே உதவும். ஐந்தும் அப் என்பதால் தரவு போகிறது என்று ஆகாது. உள்ளூர் மோடமில் லூப் போடுங்கள், அதாவது வந்த தரவை அப்படியே திருப்பி அனுப்பும்படி வையுங்கள். எச்டிஎல்சி என்ற ப்ரோட்டோகாலில் ஓடும் சிஸ்கோ ரூட்டர் தான் அனுப்பியதே தனக்குத் திரும்பி வருவதைப் பார்த்து, "அப்", பக்கத்தில் "லூப்டு" என்று காட்டும். அப்படிக் காட்டினால் ரூட்டர், கேபிள், மோடமின் இந்தப் பக்கம் மூன்றும் சரி. அப்புறம் எதிர்முனை மோடமில் லூப் போட்டு, நடுவில் உள்ள லைனைச் சோதிக்கலாம். பிபிபி என்ற இன்னொரு ப்ரோட்டோகாலில் ஓடுகிற லைனாக இருந்தால் சோதனைக்காக எச்டிஎல்சிக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு தூரத்து ரூட்டரில் அதை மாற்றினால், ஏறிப்போன ஏணியை நாமே தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும். அங்கே ரூட்டரின் கன்சோலில் (லைனை நம்பாமல் நேரடியாகக் கேபிளில் இணைத்த திரையில்) ஒரு ஆள் இருந்தால்தான் செய்யலாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. டிசிடி டவுன் என்று தொந்தரவு வரும் இடத்தில் சிலர் "இக்னோர் டிசிடி" என்று ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு ரூட்டர் டிசிடியைப் பார்ப்பதில்லை, டிஎஸ்ஆரைப் பார்க்கிறது. டிசிடியையே தராத சில கருவிகளுக்கு இந்தக் கட்டளை தேவைதான். மற்ற இடங்களில் இது காய்ச்சல் அடிக்கிறவனிடமிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்குவது. சேலத்துக்குள்ளேயே ஒரு இடத்தில் இப்படிச் செய்து வைத்திருந்தார்கள். வெளியே கம்பி அறுந்துவிட்டது. மோடம் உயிரோடு இருந்ததால் டிஎஸ்ஆர் அப். ஆகவே இன்டர்ஃபேஸ் "அப்", ப்ரோட்டோகால் "டவுன்". பார்த்தவர்கள் எல்லோரும் என்கேப்சுலேஷன் (தரவைப் பொதியும் முறை) தப்பு, கீப்அலைவ் (உயிரோடு இருக்கிறேன் என்று ரூட்டர் அனுப்பும் சிறு செய்தி) தப்பு என்று இரண்டு நாள் கன்ஃபிகரேஷனைத் துருவினார்கள். கடைசி வரியில் டிசிடி டவுன் என்று அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது. இன்னொரு நஷ்டமும் உண்டு. கேரியர் போனால் ரூட்டர் ஏறக்குறைய உடனே தெரிந்துகொள்ளும். டிசிடியை மறைத்துவிட்டால், 10 வினாடிக்கு ஒன்றாகப் போகும் கீப்அலைவ் மூன்று தடவை தவறிய பிறகுதான் தெரியும்.

இதே பொய்யை வன்பொருளிலும் செய்வார்கள். ஜவ்வரிசி ஆலை ஒன்றின் எடைமேடையில் பார்த்தேன். கனெக்டரைத் திறந்தால் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, தரை ஒன்று என்று மூன்றே கம்பி. ஆர்டிஎஸ்ஸை சிடிஎஸ்ஸோடும், டிடிஆரை டிஎஸ்ஆர், டிசிடியோடும் அங்கேயே துண்டுக் கம்பியால் சேர்த்துச் சால்டர் வைத்திருந்தார்கள். மூன்று கம்பியை வைத்து வேலையை ஓட்டும் நாள்பட்ட வழக்கம் அது, தப்பில்லை. ஆனால் எதிர்முனைக் கருவி அணைந்து கிடந்தாலும் கம்ப்யூட்டரில் எல்லாம் அப் என்றுதான் காட்டும். நம் சிக்னலையே நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. அதனால் புது இடத்துக்குப் போனால் கனெக்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். மோடமிலும் டிஎஸ்ஆர், சிடிஎஸ் இரண்டையும் எப்போதும் அப் என்று வைக்கிற அமைப்பு இருக்கலாம், அதையும் பாருங்கள்.

ஏற்காட்டுக்கு வருகிறேன். அந்தச் சாயங்காலம் நாங்கள் கொடுத்த புகாரை முதல் தடவையாக வேறு மாதிரி எழுதினோம். "லைன் வேலை செய்யவில்லை" என்று எழுதவில்லை. "பிற்பகல் மழைக்குப் பின் டிசிடி டவுன். டிஎஸ்ஆர், சிடிஎஸ் அப். ரூட்டர் மாற்றியும் அதே நிலை. உள்ளூர் லூப் சரி. கிளைக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே செம்பு ஜோடியைச் சோதிக்கவும்" என்று எழுதினோம். வழக்கமாக முதல் நாள் மோடமைப் பார்க்க ஒருவர் வருவார், மறுநாள்தான் கம்பி பார்ப்பவர் வருவார். இந்தத் தடவை காலையிலேயே கம்பி பார்ப்பவர் நேராக வந்தார். சாலையோரக் குழி ஒன்றில் ஜாயின்ட் உறைக்குள் தண்ணீர் நின்றிருந்தது. துடைத்து, வெட்டி, புது ஜாயின்ட் போட்டார். பதினோரு மணிக்குத் தம்பி கிளையிலிருந்து பேசினான்.

"அண்ணா, டிசிடி அப்."

பழைய ரூட்டரையே திரும்ப மாட்டிவிட்டு வரச் சொன்னேன்.