ஏற்றத்தில் வாங்கி இறக்கத்தில் செலவழிக்கும் வண்டி

கோவைக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஏறும்படி புதிதாக ஒரு ரோலர் கோஸ்டர் அமைத்திருக்கிறார்கள். அதைக் காட்ட அண்ணன் மகளை அழைத்துச் சென்றிருந்தேன். வரிசையில் நின்றபடியே வண்டியை முன்னும் பின்னும் உற்றுப் பார்த்தவள், "இதுக்கு எஞ்சின் எங்கீங்க சித்தப்பா?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். வண்டியில் எஞ்சின் கிடையாது. முதல் மேட்டின் உச்சிவரை அதை இழுத்துச் செல்லும் மோட்டார் தடத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. உச்சியைத் தாண்டிய பிறகு, நிலையத்துக்குத் திரும்பும்வரை வண்டியை ஓட்டுவது புவியீர்ப்பு மட்டுமே.

நாங்கள் நின்ற இடம் ஏற்றத்துக்கு நேர் கீழே இருந்ததால், கிரீஸ் பளபளக்கும் சங்கிலி வண்டியின் அடிக்கொக்கியை இழுத்துச் செல்வதை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. ஏறும்போது கேட்கும் 'டக், டக்' என்ற ஓசையைச் சங்கிலியின் ஓசை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், வண்டியின் அடியில் தொங்கும் ஓர் இரும்பு நாக்கு, தடத்தில் பதித்த பற்களின் மீது ஒவ்வொன்றாக ஏறி விழும் ஓசை அது. சங்கிலியே அறுந்தாலும், மின்சாரம் நின்றாலும், அந்த நாக்கு அருகிலுள்ள பல்லில் மாட்டிக்கொள்ளும். வண்டி பின்னோக்கி உருளாது. சைக்கிளை மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரத்தில் எழும் 'கிர்ர்' ஓசைக்கும் இதே அமைப்புத்தான் காரணம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் மலை ரயிலும் கல்லாறு முதல் குன்னூர் வரை பற்களின் துணையோடுதான் ஏறுகிறது. 12 அடிக்கு 1 அடி உயரும் அந்தப் பாதையில், நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொள்கிறது. அங்கே பற்கள் ஏற்றிவிடவும் செய்கின்றன. இங்கே நழுவாமல் காப்பது மட்டுமே அவற்றின் வேலை.

உச்சியில் சேர்ந்திருக்கும் நிலை ஆற்றல் இறக்கத்தில் இயக்க ஆற்றலாக மாறுகிறது. உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 10 மீட்டர் இறங்கிய வண்டி நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தை அடையும். அந்த வேகம் இருமடங்காக வேண்டுமானால், உயரம் நான்கு மடங்காக வேண்டும். இந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை என்றாலும், ஆட்கள் நிறைந்த வண்டி காலி வண்டியைவிடச் சற்று விரைவாகவே ஓடும். ஏனென்றால் எடை கூடும் அளவுக்குக் காற்றின் தடை கூடுவதில்லை.

குடும்பத்துக்கான ரோலர் கோஸ்டர் என்றால் பெரியதைச் சுருக்கிச் செய்த பொம்மை என்று நினைப்பது தவறு. உயரத்தைக் குறைத்தால் மட்டும் பயணம் மென்மையாகிவிடாது. வளைவுகளின் ஆரம்தான் அதைத் தீர்மானிக்கிறது. நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் வரும் வண்டி, 10 மீட்டர் ஆரமுள்ள பள்ளத்தில் திரும்பி மேலேறினால், 30 கிலோ எடையுள்ள குழந்தை 90 கிலோ இருப்பதுபோல் இருக்கையில் அழுந்தும். அதே பள்ளத்தை 20 மீட்டர் ஆரத்தில் அமைத்தால் அழுத்தம் 60 கிலோவாகக் குறையும். வேகம் அதேதான், உயரமும் அதேதான். உடல் உணர்வது மட்டும் வேறு.

மேட்டில் இது தலைகீழாகிறது. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆரமுள்ள மேட்டைக் கடக்கும்போது எடையே இல்லாததுபோல் தோன்றும். ஆரம் 10 மீட்டரானால் பாதி எடை மிஞ்சும். 'வயித்தைக் கலக்குது' என்று நாம் சொல்லும் உணர்வு பிறக்கும் இடம் இதுதான். அது கடைசி வரிசையில் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வண்டி முழுவதற்கும் எந்த நொடியிலும் ஒரே வேகம்தான். முன்வரிசை உச்சியைக் கடக்கையில் வண்டியின் பெரும்பகுதி இன்னும் ஏற்றத்தில் இருப்பதால் மெதுவாகக் கடக்கிறது, கடைசி வரிசை உச்சிக்கு வருவதற்குள் முன்பகுதி சரிவில் இறங்கி வேகமெடுத்துவிடுவதால் அது விரைந்து கடக்கிறது. முதன்முறையாக ஏறும் குழந்தையை நடுவில் உட்கார வைப்பதே நல்லது என்பேன்.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் போனவர்களுக்கு, ஒவ்வொரு திருப்பத்திலும் உடல் பக்கவாட்டில் சாய்வது நன்றாகத் தெரியும். ரோலர் கோஸ்டரில் தடத்தையே உட்புறமாகச் சாய்த்துவிடுகிறார்கள். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வு கொடுத்தால், பக்கவாட்டுத் தள்ளல் அற்றுப்போய், விசை முழுவதும் முதுகெலும்பின் திசையிலேயே இருக்கைக்குள் இறங்கும். குழந்தையின் மெல்லிய கழுத்துக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

வண்டி தடத்தைவிட்டு எழும்பாதிருக்க, சக்கரங்கள் மூன்று திசைகளில் பொருத்தப்படுகின்றன: மேலே உருள்பவை எடையைத் தாங்கும், பக்கவாட்டில் இருப்பவை திருப்பத்தில் வழிநடத்தும், தடத்தின் அடியில் இருப்பவை மேடுகளில் வண்டியைக் கீழே பிடித்து வைக்கும். அடிச்சக்கரத்துக்கு அமெரிக்கரான ஜான் மில்லர் 1919-ல் காப்புரிமை பெற்றார். துணிச்சலான மேடுகளுக்கு வழி திறந்தது அதுதான்.

இறுதியில் வேகத்தைக் குறைக்க, இப்போது அமைக்கும் பல தடங்களில் நிலைக்காந்தங்களைப் பயன்படுத்துகிறார்கள். காந்தங்களுக்கு நடுவே செம்பு அல்லது அலுமினியத் தகடு பாயும்போது அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, பாயும் திசைக்கு எதிராக இழுக்கிறது. எதுவும் எதன்மீதும் உரசுவதில்லை, மின்சாரமும் தேவையில்லை. ஆனால் வேகம் குறையக் குறைய இந்த இழுவையும் குறைவதால், வண்டியை முழுமையாக நிறுத்துவதற்கு வழக்கமான உராய்வு பிரேக்கும் வேண்டும். முதல் ஏற்றத்தில் மோட்டார் கொடுத்த ஆற்றலில், வழியெல்லாம் காற்றும் சக்கரங்களும் தின்றது போக மிஞ்சியது, அந்தத் தகட்டில் வெப்பமாக முடிகிறது.