ஈமு எண்ணெய் வீக்கத்தை அடக்குமா? சோதிப்பது இப்படித்தான்

ஈமு என்றதும் நமக்கு 2012இல் பெருந்துறைப் பக்கம் மண்ணைக் கவ்விய முதலீட்டுத் திட்டங்கள்தான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்கோ அது மருந்துப் பறவை. அதன் கொழுப்பை மூட்டுவலிக்கும் தசைவலிக்கும் காலங்காலமாகத் தேய்த்து வந்திருக்கிறார்கள். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஆய்வகத்தில் எப்படிப் பார்ப்பது?

முதலில் வீக்கம் வேண்டும். அதற்கு நேர்வாளம் என்ற நச்சு விதையின் எண்ணெய் இருக்கிறது; ஆம், சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாமல் சேர்க்காத அதே நேர்வாளம்தான். சுண்டெலியின் காதில் கொஞ்சம் தடவினால் சில மணி நேரத்தில் காது சிவந்து தடிக்கும். பிறகு காதிலிருந்து வட்டமாக ஒரு துண்டு எடுத்து எடை போடுவார்கள். வீங்கிய காதில் நீர் கோத்திருப்பதால் எடை கூடும். காதில் தடவிய ஈமு எண்ணெய் பலித்திருந்தால் அந்தளவுக்குக் கூடாது.

இன்னொரு முறை 1962இல் வந்தது. செம்பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனனை (ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கவும் இதைச் சேர்ப்பார்கள்) எலியின் பாதத்தில் ஊசியால் ஏற்றி, பாதத்தின் கன அளவு எவ்வளவு கூடுகிறது என்று மணிக்கு மணி அளப்பது. ஆரம்பத்தில் உடலே வெளியிடும் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற வேதிப்பொருள்கள் வீக்கத்தை உண்டாக்கும், அப்புறம் புராஸ்டகிளாண்டின்கள் என்ற வேறு வகை. எந்த மணியில் வீக்கம் தணிகிறது என்பதை வைத்தே மருந்து எங்கே கைவைக்கிறது என்று ஊகிக்கலாம்.

சரி, சிக்கல் ஒப்பீட்டில்தான் இருக்கிறது. ஒரு குழுவுக்கு ஒன்றும் தடவாமல், இன்னொரு குழுவுக்கு இண்டோமெத்தசின் என்ற வழக்கமான வீக்க மருந்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. தேய்ப்பதாலேயே ஏதாவது நடக்கலாம், எந்த எண்ணெய்க்கும் அந்தக் குணம் இருக்கலாம். ஈமு எண்ணெயில் அதிகம் இருப்பது ஓலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். ஆலிவ் எண்ணெயிலும் அதுதான். ஆகவே ஆலிவ் எண்ணெயைத் தோற்கடித்தால்தான் ஈமுவுக்குத் தனிப் பெருமை.

1990களில் ஆஸ்திரேலியாவில் எலிகளில் சோதித்தபோது சில ஈமு எண்ணெய்கள் நன்றாகவே வீக்கத்தைக் குறைத்தன, சிலவற்றால் பெரிய பயனில்லை. ஓலியிக் அமிலம் எல்லாவற்றிலும் இருக்கிறதே! அப்படியானால் வேலை செய்வது சிறிதளவே கலந்திருக்கும் வேறு ஏதோ பொருளாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், கடைப் புட்டியில் 'சுத்தமான ஈமு எண்ணெய்' என்று எழுதியிருப்பதை வைத்து அது வேலை செய்யும் என்று சொல்லிவிட முடியாது.

மனிதர்களிடம் சோதிப்பது இன்னும் கடினம். மூட்டுவலி தானாகவே கூடும், குறையும். அதுவும் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம்; பிறகு அது தானாகத் தணிந்தாலும் மருந்தால்தான் என்று நினைத்துவிடுவோம். எனவே ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் போலி எண்ணெயும் மணத்திலும் பிசுபிசுப்பிலும் அச்சு அசலாக ஈமு எண்ணெய் போலவே இருக்க வேண்டும், எந்தப் புட்டி எது என்பது தடவுபவருக்கும் தெரியக் கூடாது.