ஷாக் அப்சார்பருக்கு அலுமினியத்தில் பீஸ் கடையக் கொடுக்கும் முன்

ஒரு காருக்குச் செய்த ஷாக் அப்சார்பரை இன்னொரு காரில் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் கோயம்புத்தூரில் எப்போதும் உண்டு. ரேஸ் கார் ஓட்டியவரும் கட்டியவருமான கரிவரதன் காலத்திலிருந்து ரேஸ் ஆசை ஊறிப்போன ஊர் இது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது, தெருவுக்குத் தெரு லேத்தும் இருக்கிறது. இப்போது தார், ஃபார்ச்சூனர் மாதிரி வண்டிகளைத் தூக்கிக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்துவிட்டது. "ஷாக்குக்கு மேல ஒரு இஞ்ச் ஸ்பேசர் வேணுங்கண்ணா", "கீழ்க் கண்ணு உட்காரலைங்க, நடுவுல ஒரு அடாப்டர் போட்டுக் குடுங்க" என்று பட்டறைக்கு வருகிறவர்கள் அதிகம். ஸ்பேசர் என்பது உயரம் கூட்ட நடுவில் வைக்கும் வட்டத் துண்டு, கண் என்பது ஷாக்கின் முனையில் போல்ட் நுழையும் வளையம். பெரும்பாலும் கையில் ஒரு சாம்பிள் பீஸ் இருக்கும். இதே அளவில் அலுமினியத்தில் கடைந்தால் போதும் என்பார்கள்.

அளவு எடுப்பது சுலபம். வெர்னியரும் போர் கேஜும் இருந்தால் பத்து நிமிடத்தில் அந்த சாம்பிளின் படம் போட்டுவிடலாம். ஆனால் அந்தப் பீஸ் எந்த அலுமினியம், அதில் பாரம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்ற இரண்டும் சாம்பிளை அளந்தால் தெரியாது. சஸ்பென்ஷனில் மாட்டும் பீஸ் தாங்குவதும் உடைவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்களும், என்னைப் போல லேத்தில் நிற்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கிரேடு. எங்கள் ஊர் ராடு கடைகளில் எச்.ஈ. 20, எச்.ஈ. 30 என்று கேட்டால் கொடுப்பார்கள். முதலாவது 6061, இரண்டாவது 6082. இரண்டுமே சஸ்பென்ஷன் வேலைக்கு ஏற்றவைதான். ஆனால் நம்பருக்குப் பின்னால் டி6 என்ற டெம்பர் இருக்க வேண்டும். உலோகத்தைச் சுமார் 530 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் குளிரவைத்து, பிறகு 170 டிகிரி வாக்கில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து முறுக்கேற்றுவதுதான் டி6. இப்படிச் செய்த 6061, நிரந்தரமாக வளைய ஆரம்பிக்குமுன் சுமார் 275 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மி.மீ.க்கு 275 நியூட்டன்) வரை தாங்கும். அதே 6061 அனீல் செய்த, அதாவது சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கிய நிலையில் இருந்தால் 55 மெகாபாஸ்கல்தான். ஒரே உலோகம், ஒரே நிறம், ஒரே எடை, பலத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம். 7075 டி6 என்றால் 500 மெகாபாஸ்கல் வரை போகும், விலையும் அதற்கேற்றபடி.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. டூல் வைத்தால் ஓரளவு தெரியும். டி6 கண்ணாடி மாதிரி பளபளப்பாக வெட்டுப்படும். மென்மையான அலுமினியம் இன்செர்ட்டின் முனையில் அப்பிக்கொள்ளும், சிப் உடையாமல் நீள நீளமாகச் சுற்றும், பரப்பு கிழிந்த மாதிரி வரும். இதை வைத்துச் சந்தேகப்படலாமே தவிர முடிவு சொல்லக் கூடாது. டெஸ்டிங் லேபில் கடினத்தன்மை பார்த்துவிடலாம், பெரிய செலவில்லை. 6061 டி6 என்றால் பிரினெல் எண் 95 பக்கம் வரும், அனீல் செய்ததென்றால் 30 பக்கம். பெயர் தெரியாத ராடில் சஸ்பென்ஷன் பீஸ் கடைவதை நான் ஏற்பதே இல்லை. பழைய பிஸ்டனையும் இஞ்சின் கேசிங்கையும் உருக்கி ஊற்றிய வார்ப்புக் கட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச்சே வேண்டாம். உள்ளே காற்றுக் குமிழ்கள் இருக்கும், வெளியே மெஷின் பண்ணிய முகம் பளிச்சென்று இருக்கும்.

அடுத்தது பாரம். இதுதான் எங்கள் ஆட்களும் கவனிக்காமல் விடும் இடம். ஸ்ட்ரட்டின் (சக்கரத்தோடு நேராகச் சேர்ந்து நிற்கும் ஷாக்) தலைக்கும் பாடிக்கும் நடுவில் வட்டமாக உட்காரும் ஸ்பேசர் நேராக அமுங்குகிறது. நல்ல அலுமினியமாக இருந்து, இரண்டு முகமும் சமமாக இருந்தால், அந்த ஸ்பேசரே உடைவது அபூர்வம். ஷாக்கின் கீழ்க் கண், சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் இருக்கும் பிராக்கெட்டுக்கு நேராக வரவில்லை என்று பக்கவாட்டில் நகர்த்திப் பிடிக்கும் அடாப்டர் விஷயம் வேறு. அது வளைகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் வளைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சக்கரத்தின் மேல் நிற்கும் எடை 400 கிலோ, அதாவது சுமார் 4,000 நியூட்டன். பள்ளத்தில் விழும்போது மூன்று மடங்கு என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். 12,000 நியூட்டன் ஆகிறது. அடாப்டர் ஷாக்கின் கண்ணை 40 மி.மீ. நகர்த்துகிறது, குறுக்குவெட்டு 40 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம் என்றால், அடிப்பாகத்தில் வரும் வளைவு அழுத்தம் 180 மெகாபாஸ்கல். 275 தாங்கும் உலோகத்துக்கு 180 பரவாயில்லையே என்று தோன்றும். பரவாயில்லை இல்லை. இரும்புக்கு ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை கோடி முறை பாரம் ஏற்றி இறக்கினாலும் களைப்பால் உடையாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. சின்னப் பாரமும் எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டே போகும். 6061 டி6-க்குப் புத்தகங்களில் களைப்பு வலிமை என்று போட்டிருக்கும் 97 மெகாபாஸ்கல்கூட, மெருகேற்றிய சோதனைத் துண்டில், 50 கோடி சுற்றுகளுக்கான கணக்கு. நம் லேத்தில் வந்த பீஸ் மெருகேற்றிய துண்டு இல்லை.

அதே அடாப்டரில் கனத்தை 20-லிருந்து 30 மி.மீ. ஆக்கினால் 180 இறங்கி 80 ஆகிறது. வளைவில் கனத்தின் வர்க்கம் வேலை செய்வதால் இப்படி. கூடுதலாகப் போவது 10 மி.மீ. உலோகம்தான். பல நேரங்களில் அதற்கு இடமும் இருக்கும். சாம்பிள் 20 இருந்தது, அதனால் 20 கடைந்தோம் என்பதுதான் நடக்கிறது. அந்தச் சாம்பிள் இரும்பா, ஃபோர்ஜிங்கா என்று யாரும் பார்ப்பதில்லை. இரும்புப் பீஸின் அளவை அப்படியே அலுமினியத்துக்கு மாற்றுவது பெரிய தவறு. அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான்.

வேறு ஊர்ப் பட்டறையில் கடைந்த ஒரு அடாப்டர் உடைந்து எங்களிடம் வந்தது. நல்லவேளையாக வண்டி மெதுவாகப் போகும்போது நடந்திருக்கிறது. உடைந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் தொடங்கி, கரையில் அலை விட்டுப்போன வரிகள் மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள், அந்தப் பகுதி முழுக்க வழவழப்பாக, அழுக்கேறிக் கறுத்து இருந்தது. மீதிப் பகுதி சொரசொரப்பாக, புதிதாகப் பளபளத்தது. கறுத்த பகுதி பல மாதங்களாக மெல்ல மெல்லப் பிளந்தது, பளபளத்த பகுதி கடைசி நொடியில் ஒடிந்தது. விரிசல் தொடங்கிய இடம், தோளும் தண்டும் சேரும் உள் மூலை. அங்கே மூலையை உருட்டிவிடும் ரேடியஸே இல்லை. பார்ட்டிங் டூலை நேராக இறக்கி மூலையைக் கூராக முடித்திருந்தார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது.

அந்த மூலையில் 3 மி.மீ. ரேடியஸ் விட்டிருந்தால் அழுத்தம் ஒரே இடத்தில் குவிந்திருக்காது. எதிரே உட்காரும் வாஷருக்கு ரேடியஸ் இடிக்கிறதென்றால் வாஷரின் உள் ஓரத்தைச் சாம்ஃபர் பண்ணிக்கொள்ளலாம். ரேடியஸ் டூல் மாற்றுவதற்கு ஆகும் நேரம்தான் செலவு. டூல் கோடுகள் தெரியாமல் ஃபினிஷ் கட் எடுப்பது, துளை வாயின் பிசிரை எடுப்பது, பாரம் வரும் இடத்தில் நம்பர் பஞ்ச் அடிக்காமல் இருப்பது எல்லாமே இதே காரணத்துக்காகத்தான். லோகோ பொறித்துத் தரச் சொல்கிறவர்களிடம் பாரம் இல்லாத முகத்தில் மட்டும்தான் பொறிப்போம் என்று சொல்லிவிடுகிறோம்.

புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றி உட்காரும் இரும்பு உறை, ஏற்றும் துளையிலும் ஒரு சிக்கல் உண்டு. அலுமினியம் சூட்டுக்கு இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். 50 மி.மீ. துளையைக் கூலண்ட் இல்லாமல் போரிங் பண்ணி முடித்த கையோடு பீஸ் 60 டிகிரியில் இருக்கும், போர் கேஜ் 50.00 காட்டும். அரை மணி ஆறவிட்டு 30 டிகிரியில் அளந்தால் 49.965 இருக்கும். 0.05 மி.மீ. இறுக்கம் நினைத்து 50.05 புஷ்ஷை பிரஸ்ஸில் வைத்தால், உண்மையில் 0.085 இறுக்கத்தில் ஏற்றுகிறீர்கள். சுவர் மெல்லியதாக இருந்தால் அப்போதே உள்ளுக்குள் இழுபட்டு நிற்கும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிரேக் சூடும் ரோட்டுச் சூடும் சேர்ந்து 80 டிகிரி வந்தால், அலுமினியம் விரிந்து சுமார் 0.03 இறுக்கம் போய்விடும். ஆறிய பிறகு அளந்து, இந்த இழப்பையும் சேர்த்து ஃபிட் முடிவு பண்ண வேண்டும்.

ஹார்டு அனோடைசிங் (மேற்பரப்பில் மின்சாரத்தால் கடினமான ஆக்சைடு படிவம் வளர்ப்பது) கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 50 மைக்ரான் படிவத்தில் பாதி வெளியே வளரும், அதனால் துளையின் விட்டம் இரண்டு பக்கமும் சேர்த்து 0.05 மி.மீ. சிறுத்துவிடும். பவுடர் கோட்டிங் அழகுதான். ஆனால் போல்ட் இறுக்கும் முகங்களில் அது கூடவே கூடாது. இறுக்கத்தில் பெயிண்ட் மெல்ல நசுங்கும், டார்க் ரெஞ்சில் வைத்த இறுக்கம் சில நாளிலேயே தளர்ந்துவிடும். அப்புறம், அலுமினியத்தில் நேராக டேப் போட்டு மரை வெட்டினால் எம்12 போல்ட்டுக்குக் குறைந்தது 24 மி.மீ. ஆழம் வேண்டும். அடிக்கடி கழற்றும் இடமென்றால் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் திரெட் போடுங்கள். போல்ட் தலைக்கு அடியில் கடினமான வாஷர் கட்டாயம். ஸ்பேசருக்கு நீள ஸ்டட் தேவைப்படும்போது ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் திரெட் ராடை வெட்டி மாட்டுகிறார்கள். அது மைல்டு ஸ்டீல். அதைவிடப் பலமான 10.9 கிரேடு ஸ்டட் வாங்குங்கள்.

ஸ்பேசர் உடைவது அபூர்வம் என்று மேலே சொன்னேன். ஆனால் அது மற்றதை உடைக்கும். ஸ்ட்ரட் வண்டியில் 25 மி.மீ. ஸ்பேசர் கிட்டத்தட்ட 25 மி.மீ.தான் தூக்கும். தார் மாதிரி, முன்சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு ஆர்ம் பிடிக்கும் டபுள் விஷ்போன் வண்டியில் ஷாக் கீழ் ஆர்மின் நடுவில் உட்காருவதால் அதே 25, சக்கரத்தில் 40 மி.மீ. வரை ஆகலாம். சக்கரம் தொங்கும்போது ஷாக் முன்பைவிடக் கீழே போய் நிற்கும். பிரேக் ஹோஸ் விறைக்கும், பால் ஜாயிண்ட் ஓரத்தில் முட்டும், ஆக்ஸில் வளைந்து சுற்ற உதவும் சி.வி. ஜாயிண்ட் தாங்காத கோணத்தில் சுற்றும். மாட்டிய பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி இந்த மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் வண்டியை வெளியே விடக் கூடாது.

இரண்டு வேலைகளை நான் எந்த நிலையிலும் செய்வதில்லை. ஒன்று, டி6 பீஸை வெல்டிங் பண்ணிச் சேர்த்து மெஷின் பண்ணுவது. வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகத்தின் முறுக்கு போய்விடும், பலம் பாதி வரை குறையும். 7075-ஐ சாதாரண டிக் வெல்டிங்கில் சேர்த்தால் ஆறும்போதே விரிசல் விடும். இன்னொன்று, ஷாக் பாடியையே சக்கில் பிடித்துக் கடைவது. மோனோட்யூப் (ஒரே குழாய் கொண்ட) ஷாக்கின் உள்ளே 20, 25 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. சுவரைக் கடைந்தாலோ சூடாக்கினாலோ ஆபத்து ஷாக்குக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நிற்பவருக்கும்தான். வெடிக்காவிட்டாலும் சக்கின் தாடைகள் ட்யூபை நசுக்கி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. டிராக்கில் மட்டும் ஓடும் ரேஸ் கார் கதை வேறு. ரோட்டில் ஓடும் வண்டிக்கு இதுதான் நிலைமை. இன்சூரன்ஸ் கிளெய்மிலும் இந்தக் கேள்வி வரும்.

டிராக் வண்டிக்குச் செய்கிறீர்களோ, அனுமதி வாங்கிய மாற்றத்துக்குச் செய்கிறீர்களோ, மாட்டியதோடு வேலை முடியவில்லை. முதல் 500 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள். சர்வீஸுக்கு ஒருமுறை அலுமினியப் பீஸ்களைக் கழற்றி டை பெனட்ரன்ட் டெஸ்ட் செய்யுங்கள். மூன்று ஸ்பிரே டப்பாக்கள் கொண்ட செட்டாகவே கடையில் கிடைக்கிறது. கிளீனரில் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்துப் பத்து நிமிடம் விட்டு, மேலே உள்ள சாயத்தைத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு ஊறி வரும். முதலில் உள் மூலைகளையும் துளை ஓரங்களையும் பாருங்கள். கோடு மயிரிழை அளவு இருந்தாலும் அந்தப் பீஸைத் திரும்ப மாட்டாதீர்கள். புதிது கடையும்போது பில்லில் கிரேடையும் டெம்பரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் சஸ்பென்ஷன் வேலை கொடுக்காதீர்கள்.