சுளுக்கில் கிழிவது நரம்பு அல்ல, ஜவ்வு

பாரிமுனையில் பஸ் முழுதாக நிற்பதற்குள் ஃபுட்போர்டிலிருந்து ஒரு கால் இறங்குகிறது. முன்பாதம் நடைபாதையின் உடைந்த விளிம்பில் பட்டு, பாதம் உள்பக்கமாகப் புரள்கிறது. வீட்டில், "நரம்பு பிசகியிருக்கும், எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிடும்" என்பார்கள். பிசகியது நரம்பு அல்ல. எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார். டாக்டர் லிகமென்ட் என்பதும் நாம் ஜவ்வு என்பதும் இதைத்தான். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். குதிகாலுக்கு மேலே கயிறுபோல் கைக்கு அகப்படுகிறதே, அது.

கணுக்காலில் டாலஸ் என்ற எலும்பு, முழங்காலுக்குக் கீழுள்ள டிபியா, ஃபிபுலா என்ற எலும்புகள் இரண்டும் சேர்ந்த கவட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. டாலஸுக்கு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தைச் சமமாக ஊன்றினால் அகலமான பகுதி கவட்டைக்குள் இறுகிப் பொருந்தும். விரல்கள் கீழ்நோக்கியிருந்தால் குறுகிய பகுதி வந்து மூட்டு தளர்ந்துவிடும். படியிறங்கும் கால் தரையைத் தொடுவது அந்தத் தளர்ந்த நிலையில்தான்.

கணுவின் இரண்டு முட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். வெளிமுட்டு உள்முட்டைவிடத் தாழ்ந்திருக்கும். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தால் அது தடுக்கும். உள்பக்கம் சாய்ந்தால் அவ்வளவு தடையில்லை. உள்பக்க ஜவ்வு விசிறிபோல் விரிந்த பலசாலி. வெளிப்பக்கம் இருப்பவை மூன்று தனித்தனிப் பட்டைகள். அவற்றில் முன்னால் இருப்பதே பலவீனமானது, பெரும்பாலும் முதலில் கிழிவதும் அதுவே.

கிழியும்போது நுண்ணிய ரத்தக்குழாய்களும் அறுந்து, தோலுக்கு அடியிலுள்ள திசுவில் ரத்தம் தேங்குகிறது. ஹீமோகுளோபின் சிதையச் சிதைய நீலம் பச்சையாகி மஞ்சளாகும். இரண்டு நாளில் அது குதிகால் பக்கம் இறங்கினால் பயப்பட வேண்டாம், புவியீர்ப்பின் வேலை.

முதல் இரண்டு மூன்று நாள் நீவக் கூடாது. அறுந்த குழாய்கள் மறுபடி கசியும், வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளில் சில தடவை வைக்கலாம். கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டு இறுக்கம், தளர்த்துங்கள். படுக்கும்போது தலையணை வைத்துக் காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள்.

அடிபட்ட காலில் நாலடி வைக்க முடியவில்லையா? கணுமுட்டின் பின்விளிம்பையோ நுனியையோ, பாதத்தின் வெளியோர நடுவிலுள்ள மேட்டையோ அழுத்தினால் எலும்பே வலிக்கிறதா? எக்ஸ்ரே அவசியம். புத்தூர் கட்டுக்குக் கிளம்புவதாக இருந்தாலும் அதற்கு முன் எடுத்துவிட வேண்டும். முறிந்த எலும்பைச் சுளுக்கு என்று நினைத்து இழுத்துவிட்டால் துண்டுகள் விலகிவிடும்.

ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு. லேசாக இழுபட்டது ஓரிரு வாரத்தில் தேறும். முழுதாகக் கிழிந்தது மாதக்கணக்கில் இழுக்கும். பலரும் கோட்டைவிடுவது அதற்குப் பிறகுதான். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகளும் ஜவ்வில் இருக்கின்றன. அவையும் சேதமாவதால்தான் ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி மறுபடி மடங்குகிறது. வலி அடங்கியதும் சுவரைப் பிடித்தபடி அந்தக் காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். சில நாளில் பிடிக்காமல், அதுவும் பழகியபின் சுவர் எட்டும் தூரத்தில் கண்ணை மூடி.